உர மூட்டை ஏன் சேரிக்கு வரவில்லை?

வேளாண் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஒரு படம் நன்றாகத் தெரிந்திருக்கும். விரிவாக்கக் கல்விப் பாடத்தில் வரும் மணி வடிவ வளைகோடு. புதிய தொழில்நுட்பம் ஒன்று வந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்பவர்கள் 'புதுமை விரும்பிகள்'. அடுத்து 'முன்னோடிகள்'. பிறகு பெரும்பான்மை. கடைசியாக வருகிற 16 விழுக்காட்டினருக்குப் 'பின்தங்கியோர்' என்று பெயர். எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1962-இல் வெளியிட்ட நூல் மூலம் இந்தப் பிரிவினை உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்னோடியாக இருந்தது, அயோவா மாநிலத்து உழவர்கள் வீரிய மக்காச்சோள விதைக்கு மாறியதைப் பற்றி 1943-இல் வந்த ஓர் ஆய்வு.

அயோவாவில் ஊர் தனி, சேரி தனி என்று இல்லை. அங்கே வரைந்த கோட்டை இங்கே கொண்டுவந்து வைத்தபோது, கடைசி 16 விழுக்காட்டில் யார் போய் விழுவார்கள் என்பது வரைவதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் பாடப்புத்தகம் அதைச் சாதி என்று எழுதவில்லை. 'கல்வியறிவின்மை', 'பழமைப் பிடிப்பு', 'துணிந்து முயலும் மனநிலை இல்லாமை' என்று எழுதியது.

இந்தக் கட்டுரை ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு சிறு உழவர் ரசாயன உரத்தைப் பயன்படுத்துவதையும் பயன்படுத்தாமல் இருப்பதையும் எது தீர்மானிக்கிறது? அவருடைய மனநிலையா, அவர் நிற்கிற இடமா? இதற்கான விடையைத் தஞ்சை மாவட்டத்தின் வரலாறு நிறையவே சொல்லி வைத்திருக்கிறது. ரசாயன உரம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் தனி. அது யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை, ஏன் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

எருவைச் சுமந்த தலைகள்

மூட்டை உரம் வருவதற்கு முன் வயலுக்கு என்ன போட்டார்கள்? தொழுஎரு, ஆட்டுக்கிடை, ஏரி வண்டல், கடலைப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு, கொளிஞ்சியும் எருக்கும் புங்கமும் வெட்டி மிதித்த தழை. இவையெல்லாம் வானத்திலிருந்து வயலில் இறங்கவில்லை. மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, எருக்குழியை வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, வரப்பில் நடந்து, வயலில் இறைக்க வேண்டும். காவிரிப் படுகையில் இந்த வேலையைச் செய்தவர்கள் பண்ணையாட்கள். பெரும்பாலும் பள்ளரும் பறையரும். ஆண் பண்ணையாளுக்குக் கூலி பேசினால் அவர் மனைவியின் உழைப்பும் பிள்ளைகளின் உழைப்பும் அதில் சேர்ந்தே போனது. பண்ணையாட்களை நினைத்தபோது விரட்டக் கூடாது என்று ஒரு சட்டம் வருவதற்கே 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழுஎரு வேண்டுமானால் மாடு வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோல் யார் வயலில் விளைந்ததோ அவர் போரில்தான் ஏறும். ஆகவே எருவும் நிலத்தைப் பின்தொடர்ந்தே போனது. ஓரிரு மா நிலத்தை வாரத்துக்கு உழுத சேரிக் குடும்பத்துக்கு எருவும் பற்றாக்குறைதான். இருந்த சாணமும் அடுப்புக்குப் போனது.

இந்த அடுப்பு விஷயத்தை வெள்ளைக்கார நிபுணர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்தில் ஆலோசனை வேதியியலாளராக இருந்த ஜான் வோல்க்கர் இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்து 1893-இல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவருக்குத் தொழில் தெரியவில்லை என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. எருவின் அருமை தெரியாமல் சாணத்தை எரிக்கவில்லை, விறகு கிடைக்காததால் எரிக்கிறார்கள் என்று விளக்கினார். அறிவுப் பற்றாக்குறை என்று அதிகாரிகள் சொன்னதை வளப் பற்றாக்குறை என்று 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் திருத்திவிட்டார். அதற்குப் பிறகும் பழைய பேச்சே தொடர்ந்தது.

நகரத்து எருவுக்கும் இதே கதை உண்டு. நகரக் குப்பையையும் மலக்கழிவையும் மட்கவைத்து உரமாக்கும் முறை 1939-இல் பெங்களூரில் உருவானது. உணவுப் பஞ்ச காலத்தில் நகராட்சிகள் இதை உற்சாகமாக எடுத்துக்கொண்டன. அந்த மலத்தை வீடு வீடாகக் கையால் அள்ளி உரக்கிடங்கு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தச் சாதி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று 'முன்னோர்களின் வேளாண்மை' என்று பெருமை பேசும் மேடைகளில் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த எருவைச் சுமந்தது யார், விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனது யார்? மண்ணைக் காப்பாற்றும் வேளாண்மை நமக்கும் வேண்டும். அதற்குச் சாதி உழைப்பின் மீது நின்ற பழைய பண்ணையத்தைப் பொற்காலம் ஆக்க வேண்டியதில்லை.

மூட்டை வந்த வழி

நாட்டின் முதல் உரத் தொழிற்சாலை நம் மாநிலத்தில்தான் எழுந்தது. 1906-இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. ஆனாலும் நெல் விளைவிக்கும் சிறு உழவருக்கு அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது. 1943-இன் வங்கப் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசு உரத்தைப் பற்றித் தீவிரமாக யோசித்தது. 1947-இல் கேரளத்து ஆலுவாவிலும் 1951-இல் சிந்திரியிலும் பெரிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அப்போதும் 1950-51-இல் நாடு முழுவதும் பயன்பட்ட ரசாயன உரச் சத்து சுமார் 69 ஆயிரம் டன்தான். இருபது ஆண்டுகளில், 1970-71-இல், அது 22 லட்சம் டன்னைத் தாண்டியது.

இந்தப் பாய்ச்சல் எப்படி நடந்தது? 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, பாசனம் உறுதியாக உள்ள சில மாவட்டங்களில் விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் குவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் பிறந்தது. மக்கள் அதைத் 'தொகுப்புத் திட்டம்' என்றார்கள். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. மேட்டூர் அணையின் தண்ணீர், பரவலான கூட்டுறவுச் சங்கங்கள் என எல்லாத் தகுதிகளும் இருந்தன.

இருப்பவனிடமே இன்னும் கொடுப்பது என்ற கொள்கை மாவட்ட அளவில் தொடங்கியது. கிராமத்துக்குள் நுழைந்ததும் அதே கொள்கை தெருத் தெருவாக இறங்கியது.

ஆறு கதவுகள்

ஓர் உழவருக்குத் தொகுப்புத் திட்டத்தின் உரம் கிடைக்க வேண்டுமானால் அவர் ஆறு கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கதவு கூட்டுறவுச் சங்கம். உரம் கடனாக, பொருளாகச் சங்கத்தின் வழியே வந்தது. கடன் வேண்டுமானால் உறுப்பினராக வேண்டும், பங்குத்தொகை கட்ட வேண்டும், ஈடு காட்ட வேண்டும். ஈடு என்றால் நிலம். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் யார் இருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

இரண்டாவது கதவு ஆவணம். தஞ்சையில் பெரும்பகுதி நிலம் குத்தகையிலும் வாரத்திலும் இருந்தது. பெரும்பாலும் வாய்மொழி ஒப்பந்தம். யார் சாகுபடி செய்கிறார் என்பதை அடங்கலில் எழுத வேண்டியவர் கர்ணம். அந்தப் பதவி பரம்பரையாக நிலமுடைய மேல்சாதிக் குடும்பங்களிடமே இருந்தது. 1980-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. குத்தகைதாரர் பெயரை அடங்கலில் ஏற்றினால் நாளை 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அவர் உரிமை கேட்பார். அதனால் ஏற்றவில்லை. பெயர் இல்லாதவருக்குக் கடன் இல்லை. கடன் இல்லாதவருக்கு உரம் இல்லை. ஜப்பானின் நிலச் சீர்திருத்தத்தில் பங்காற்றிய உல்ஃப் லடெஜின்ஸ்கி, தொகுப்பு மாவட்டங்களின் குத்தகை நிலைமையை நேரில் ஆராய்ந்து எழுதிய அறிக்கையைத் திட்டக் குழுவே 1965-இல் வெளியிட்டது. பாதுகாப்பில்லாத குத்தகைதாரர் இத்திட்டத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியாது என்ற எச்சரிக்கை அதில் தெளிவாக இருந்தது. அரசு தெரிந்தேதான் தொடர்ந்தது.

மூன்றாவது கதவு தகவல். கிராம சேவக் ஊருக்கு வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்? செயல்விளக்கத் திடல் யார் வயலில் போடப்பட்டது? செங்கல்பட்டுக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜோன் மென்சர், தமிழ்நாட்டுப் பசுமைப் புரட்சியின் முரண்பாடுகளை 1970-களில் எழுதினார். விரிவாக்கப் பணியாளர்களின் கவனம் பெரிய நிலக்காரர்கள் மீதே குவிந்திருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிராசுதாரின் வயலில் உரத்தைத் தன் கையால் இறைத்தவர் தலித் தொழிலாளி. எத்தனை நாளில் பயிர் பச்சை கட்டியது, எங்கே அதிகமாக விழுந்து சாய்ந்தது என்பதை வயலில் நின்று பார்த்தவரும் அவரே. உரத்தைப் பற்றி ஊரில் நேரடி அனுபவம் உள்ளவரிடம் விரிவாக்கத் துறை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அவருக்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதியது.

நான்காவது கதவு தண்ணீர். கட்டுப்பாட்டில் இல்லாத தண்ணீரில் உரம் கரைந்து ஓடும். தண்ணீர் இல்லாத வயலில் உரம் பயிருக்கு எட்டாது. வாய்க்கால் கடைமடையிலும் மேட்டிலும் புறம்போக்கிலும் பயிர் செய்கிறவர் உரத்தைத் தவிர்த்தால் அது பழமைவாதம் இல்லை, கணக்கு.

ஐந்தாவது கதவு விதை. பழைய நெல் ரகங்கள் பல உயரமானவை. உரம் அதிகமானால் தாள் நீண்டு பயிர் சாய்ந்துவிடும். அந்த ரகங்களுக்கு மூட்டை உரம் வேண்டாம் என்று உழவர்கள் சொன்னது அனுபவத்தால் சொன்னது. உரத்தைத் தாங்கும் ரகம் வந்த பிறகு நிலைமை மாறியது.

வாரக் கணக்கு

ஆறாவது கதவு குத்தகை. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஒரு வயலுக்கு 100 ரூபாய் உரம் போட்டால் 200 ரூபாய்க்குக் கூடுதல் நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்த நிலத்தில் உழுபவருக்கு 100 போட்டு 200 வருகிறது. நிகர லாபம் 100. அவர் உரம் வாங்குவார்.

அதே வயலைப் பாதி வாரத்துக்கு உழுபவர் 100 ரூபாயைத் தன் கையிலிருந்து போடுகிறார். கூடுதலாக விளைந்த 200-இல் பாதி நிலக்காரருக்குப் போகிறது. இவர் கையில் 100. போட்டது 100, வந்தது 100. லாபம் ஒன்றுமில்லை. அந்த 100 ரூபாயும் வட்டிக்கு வாங்கியது என்றால் வட்டி முழுக்க நட்டம். மழை தவறினாலோ பூச்சி விழுந்தாலோ முழுப் பணமும் போய்விடும். நிலக்காரரோ ஒரு காசும் போடாமல் 100 ரூபாய் கூடுதல் வருமானம் பார்க்கிறார்.

நெல் அளவு நிலையாகப் பேசிய குத்தகை என்றால் கூடுதல் விளைச்சல் உழவருக்கே மிஞ்சும். ஆனால் இந்த ஆண்டு நன்றாக விளைந்ததைக் கண்ணால் பார்த்த நிலக்காரர் அடுத்த ஆண்டு குத்தகையைக் கூட்டலாம். நிலம் செழித்துவிட்டது, நானே பண்ணையம் செய்துகொள்கிறேன் என்றும் சொல்லலாம். பாசன நிலத்துக்கு நிலக்காரர் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. பெயரே பதிவாகாதவர் எந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுவார்?

இதில் படிப்பறிவு எங்கே வருகிறது? மனநிலை எங்கே வருகிறது? பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவரை அந்த வயலில் இறக்கிவிட்டாலும் அவரும் உரம் வாங்கமாட்டார்.

ஆடுதுறையும் வெண்மணியும்

1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம் வெளிவந்தது. ஜப்பானிய நெல்லையும் நம்மூர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து உருவாக்கியது. ஏறக்குறைய 105 நாளில் அறுவடை. உரத்துக்கு நன்றாகப் பலன் தந்தது. மத்தியில் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்து புதிய வேளாண் கொள்கையைக் கொண்டுவந்த காலம் அது. தஞ்சையில் ஏ.டி.டி. 27 வேகமாகப் பரவியது. உரமும் பரவியது.

இந்த ரகத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. அறுவடை ஐப்பசி மழையை ஒட்டி வரும். கதிர் முற்றியதும் உடனே அறுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நனைந்து முளைத்துவிடும். உரம் போட்ட வயலில் களையும் அதிகம், வேலையும் அதிகம். அந்தச் சில வாரங்களில் அறுவடை ஆட்களின் கைதான் ஓங்கியிருந்தது. விளைச்சல் கூடியிருக்கிறது, எங்கள் கூலியையும் கூட்டு என்று விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் கேட்டார்கள். நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். கிழக்குத் தஞ்சையில் மோதல் ஆண்டுதோறும் முற்றியது. நிலக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் கால் வைக்காதவர்கள் உற்பத்தியாளர்கள் ஆனார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதிகம் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தலித்துகள். கேட்டது கூடுதல் நெல்.

வெண்மணியை உரத்தோடு சேர்த்துப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அடுத்த ஆண்டே மத்திய உள்துறை அமைச்சகம் கிராமப்புறப் பதற்றங்களின் காரணங்களைப் பற்றி ஓர் ஆய்வு தயாரித்தது. புதிய வேளாண் உத்தியின் பலன் சமமாகப் பங்கிடப்படாததும் நிலச் சீர்திருத்தம் தோற்றதும் அதில் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கல் தஞ்சை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து 1971-இல் எழுதிய நூலும் இதையே பேசியது. தமிழ்நாட்டில் 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தன. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய ஒரு சட்டம், உர மூட்டை ஊருக்குள் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து வருகிறது. வரிசை மாறியிருந்தால் தஞ்சையின் வரலாறே வேறாக இருந்திருக்கலாம்.

கதவு திறந்தால் என்ன ஆகும்?

சிறு உழவர்கள் இயல்பிலேயே மாற்றத்தை வெறுப்பவர்கள் என்றால், கதவைத் திறந்தாலும் அவர்கள் உள்ளே வரக் கூடாது அல்லவா? வட ஆற்காடு மாவட்டம் இதற்கும் விடை சொல்கிறது.

1973-74-இல் அங்கே பல கிராமங்களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வு செய்தார்கள். எண்ணெய் நெருக்கடியால் உலகெங்கும் உரத்துக்குத் தட்டுப்பாடு வந்த நேரம் அது. விலை ஏறியது, கள்ளச்சந்தை பெருகியது. புதிய ரகமும் உரமும் பெரிய நிலக்காரர்களிடமே அதிகம் போயிருந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1982-83-இல், அதே பகுதியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு மறு ஆய்வு நடந்தது. சிறு உழவர்களும் புதிய ரகங்களுக்கு மாறியிருந்தார்கள். விளைச்சலில் பெரிய உழவர்களோடு இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்திருந்தது.

இடையில் அவர்களுடைய மனநிலையை யாராவது பழுது பார்த்தார்களா? இல்லை. 1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆனதைத் தொடர்ந்து கிராமங்களுக்குக் கிளைகள் வந்தன. கிணறுகளுக்கு மின்சார பம்புசெட் வந்தது. 1971-இல் மணலியிலும் அடுத்த சில ஆண்டுகளில் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. 1977-இல் மத்திய அரசு உர விலையைத் தாங்கிப் பிடிக்கும் மானிய முறையைக் கொண்டுவந்தது. கடைத்தெருவில் உரக்கடைகள் பெருகின. தண்ணீர், கடன், விலை, அருகில் ஒரு கடை: இந்த நான்கும் வந்ததும் 'பின்தங்கியோர்' முன்னால் வந்துவிட்டார்கள்.

கென்யாவின் மேற்குப் பகுதியில் பின்னாளில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வும் இதையே காட்டியது. அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் நேரத்தில், கொண்டுவந்து தரும் செலவில்லாமல் உரத்தை விற்றபோது, வாங்கியவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. விதைப்பு நேரத்தில் காசு இல்லை என்பதே அங்கும் தடையாக இருந்தது.

ஆனால் வட ஆற்காட்டின் கதையிலும் ஒரு எல்லை உண்டு. நிலம் இருந்த சிறு உழவருக்குத்தான் கதவு திறந்தது. நிலமே இல்லாதவருக்கு எந்த மானியமும் மூட்டையாக மாறாது. 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் நம் கையிலேயே இருந்திருந்தால், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை அதிகாரிகள் காப்பாற்றியிருந்தால், உரக்கடை வாசலில் நம் வரிசையும் நீண்டிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

இன்றைய மூட்டை

பழைய கதை என்று இதை மூடிவைக்க முடியாது. 1992-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் நின்றது. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வேம்புப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். மற்ற உரங்கள் பல மடங்கு விலை. கையில் காசு குறைந்த உழவர் யூரியாவை மட்டும் வாங்கிப் போடுகிறார். மண் கெடுகிறது. உடனே 'உழவர்களுக்குச் சமச்சீர் உரமிடல் பற்றிய விழிப்புணர்வு இல்லை' என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். விலைப்பட்டியல் சொன்னதைத்தான் உழவர் செய்திருக்கிறார்.

2019-இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டம் நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். குத்தகைக்கு உழுபவருக்குக் கிடையாது. 2021-இல் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கடன் வாங்க முடிந்தவருக்குத்தான் தள்ளுபடி. சங்கத்துக்குள் நுழைய முடியாதவர் கந்துவட்டியில் வாங்கிய கடனை எந்த அரசும் தள்ளுபடி செய்யவில்லை.

அதே 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடை செய்தது. சில மாதங்களில் விளைச்சல் விழுந்தது, உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் தடை விலக்கப்பட்டது. உரத்தைத் திணிப்பதும் பறிப்பதும் மேலிருந்து நடக்கும்போது அடி விழுவது ஒரே இடத்தில்தான்.

அண்ணல் கேட்டது

1918-இல் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சிறு நிலம் என்பதாலேயே வேளாண்மை தோற்கிறது என்று அன்றைய நிபுணர்கள் சொன்னார்கள். அண்ணல் அதை மறுத்தார். நிலம் சிறிதா பெரிதா என்பதை நிலத்தின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதில் போடுவதற்கு உழவரிடம் எவ்வளவு மூலதனமும் கருவியும் இருக்கிறது என்பதை வைத்தே சொல்ல முடியும் என்றார். உர மூட்டை ஊருக்கு வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விடை இது.

1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காகத் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். வேளாண் நிலம் அரசுடைமை ஆக வேண்டும், சாதி பாராமல் கிராம மக்களுக்குக் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்க வேண்டும், நிலக்காரர், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று பிரிவுமே இருக்கக் கூடாது என்றார். அந்தப் பண்ணைகளுக்குத் தண்ணீர், மாடு, கருவி, விதை ஆகியவற்றோடு எருவையும் தர வேண்டியது அரசின் கடமை என்று பட்டியலிட்டார். நிலமும் எருவும் ஒரே பத்தியில் இருந்தன. 1960-இன் தொகுப்புத் திட்டம் எருவை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டது.

தோழர்களே, இந்த ஆறு கதவுகளும் உங்கள் ஊரில் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று நீங்களே பார்க்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எத்தனை பட்டியல் சாதி உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேருக்குப் பயிர்க்கடன் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குத்தகைக்கு உழும் நம் உறவினர் பெயர் அடங்கலில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பாருங்கள். ஏ பதிவேட்டில் பஞ்சமி நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது, இப்போது யார் அனுபவிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேளாண் கல்லூரித் தோழர்கள், அந்த மணி வடிவ வளைகோட்டை ஆசிரியர் கரும்பலகையில் வரையும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, கடைசியில் நிற்கும் அந்த 16 விழுக்காட்டினர் பெயரில் பட்டா இருக்கிறதா?